பிளவில் இறங்கிய நதி

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் விடிகாலையில் மாமல்லபுரத்தில் இருந்தேன். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அர்ச்சுனன் தபசு என்று ஊரார் சொல்லும் பெரும்பாறையின் முன்னால் ஆள் நடமாட்டம் இல்லை. கிழக்கு பார்த்த பாறை அது. வெயில் ஏற ஏற, மேலிருந்து காய்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது. பறந்து வரும் தேவர்களின் தோள் காய்ந்தது. யானையின் நெற்றி காய்ந்தது. நடுவில் இருக்கும் பிளவு மட்டும் காயவில்லை. உச்சியிலிருந்து தரைவரை கறுத்த ஈரக்கோடாக நின்றது. அதற்குள் எழுந்து நிற்கும் நாகராசனின் கூப்பிய கைகளிலிருந்து துளித்துளியாக நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எத்தனையோ முறை பார்த்த சிற்பம். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. 90 அடிக்கு மேல் நீளமும் 40 அடிக்கு மேல் உயரமும் கொண்ட இந்தத் தொகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. தேவர், முனிவர், வேடர், யானை, சிங்கம், குரங்கு என்று அத்தனையும் உளியால் ஆனவை. அத்தனையும் திரும்பி நோக்குகிற அந்த நடுவிடத்தை மட்டும் எந்த உளியும் உண்டாக்கவில்லை. பாறையில் தானாக விழுந்திருந்த விரிசல் அது.

கல்வேலை செய்கிறவர்கள் ஒரு கல்லைத் தொடும் முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். மணி போல் ஓசை வந்தால் கல் நல்ல கல். உள்ளே எங்கேனும் விரிசல் ஓடியிருந்தால் ஓசை மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கல்லை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவார்கள். சிலைக்கு ஆகாது என்பது முடிவு. இந்த அறிவு பல்லவர் காலத்துச் சிற்பிக்கும் இருந்திருக்கும். தட்டிக் காதால் கேட்கவும் தேவையில்லை. தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குப் பாறை இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

அப்படிப்பட்ட பாறையின் முன்னால் ஏழாம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் நின்றிருக்கிறார். நெடுநேரம் நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன். ஒரு மழையின்போது நின்றிருக்கவும் கூடும். மேலே விழுந்த மழையெல்லாம் வழிந்து அந்தப் பிளவில் கூடி இறங்குவதை அவர் கண்டிருக்க வேண்டும். பிளவை அவர் அடைக்கவில்லை, அதை விட்டு விலகிப் போகவும் இல்லை. பாறை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு பெயர் கொடுத்தார். விரிசல் கங்கையாயிற்று.

ஒற்றைக் காலில் நின்று கையுயர்த்தித் தவம் செய்கிறவர் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனனா, கங்கையை வேண்டிய பகீரதனா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. இரு பக்கமும் நல்ல வாதங்கள் உண்டு. யாராக இருந்தாலும் அந்தப் பிளவில் நதி ஓடுகிறது என்பதில் ஐயமில்லை. பாறையின் உச்சியில் நீர் தேக்கும் தொட்டி இருந்த தடம் இருக்கிறது. விழா நாட்களில் தேக்கிய நீரைத் திறந்து பிளவின் வழியே அருவியாக இறக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அந்த நதியை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று அருகே போய்ப் பாருங்கள். அலை செதுக்கவில்லை, நுரை செதுக்கவில்லை. பிளவின் அடியில், இடப்பக்கக் கரையில், ஒருவன் குளித்துக் கரையேறித் துணியை முறுக்கிப் பிழிகிறான். இன்னொருவன் நீர் முகந்த குடத்தைத் தோளில் வைத்திருக்கிறான். துணி பிழிகிறவன் ஒருவன் போதும், அங்கே தண்ணீர் இருக்கிறது என்று நம் கண் ஒப்புக்கொண்டுவிடும். சற்றுத் தள்ளி, சிறு கோயிலின் முன்னால் தவத்தில் அமர்ந்த முனிவர்களுக்குக் கீழே, ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. தேவலோகமே இறங்கி வருகிற நேரம். மானுக்கு மூக்கு அரிக்கிறது. மானை நாள்கணக்கில் கிடந்து பார்த்த ஒருவரால்தான் அதைச் செதுக்க முடியும். நதியைப் பிளவிலிருந்து பெற்ற அதே பார்வைதான் மானையும் பெற்றது.

கலை இயற்கையைப் போலச் செய்வது என்பார்கள். கட்டடக்கலை இயற்கையை வென்று எழுவது என்றும் சொல்வதுண்டு. இரண்டும் எனக்குப் போதவில்லை. ஒரு நிலம் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. தன் சரிவால், கல்லின் கெட்டித்தன்மையால், தண்ணீர் போகும் வழியால், காற்றின் திசையால் சொல்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வதே கலை. கேட்காமல் பேசுவது வெறும் கட்டுமானம். தொல்காப்பியம் கவிதைக்கு முதற்பொருள் என்று வகுத்தது நிலத்தையும் பொழுதையும். மனிதர்களும் அவர்கள் காதலும் பிரிவும் அதன் பிறகுதான் வருகின்றன. பாட்டுக்கு நாம் வைத்த அந்த வரிசையைக் கட்டடத்துக்கும் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு.

நான் மதுரைக்குக் கிழக்கே, ஒத்தக்கடைப் பக்கம் வளர்ந்தவன். மொட்டைமாடியில் ஏறினால் யானைமலை. முழுதும் ஒரே பாறை. துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை. அதை யாரும் செதுக்கவில்லை என்பதைச் சிறுவயதில் நம்ப முடிந்ததில்லை. அந்த மலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு குன்றின் முகத்தைக் குடைந்து செய்த எளிய குடைவரை இருக்கிறது. தூண்கள் தடித்தவை, அலங்காரம் குறைவு. இரு ஓரங்களிலும் தடியூன்றிய வாயிற்காவலர். அவசரமாகப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். ஆனால் அங்கே உள்ள பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் வடமொழிக் கல்வெட்டு கட்டடக்கலை வரலாற்றில் பெரிய செய்தி. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாக மன்னன் அதில் பெருமையோடு சொல்கிறான். இல்லை இல்லை என்று நான்கு முறை சொல்லும் அந்தப் பட்டியலைப் படித்தால், அதற்கு முன்பு நம் ஊர்க் கோயில்கள் எவற்றால் ஆனவை என்பது விளங்கிவிடும். மரம் உளுத்துப்போகும், செங்கல் கரைந்துபோகும். குன்று நிற்கும். தொண்டை மண்டலத்து நிலம் தன்னிடம் இருந்த குன்றுகளைக் காட்டியது. மன்னன் அந்தக் காட்டலைக் கேட்டுக்கொண்டான்.

கல்லுக்கு மாறினாலும் மரத்தை மறக்கவில்லை என்பதுதான் அடுத்த அழகு. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் வடக்கு ஓரத்தில் இருக்கும் திரௌபதி ரதம், கல்லில் செய்த ஓலைக்குடிசை. நான்கு புறமும் வளைந்து சரியும் கூரையைப் பார்த்தால், ஈரக் கீற்று தன் பாரத்தில் தொய்ந்து இறங்குவது போலவே இருக்கும். வீமரதத்தின் நீண்ட கூரை, மூங்கிலை வளைத்துக் கட்டிய வண்டிக்கூண்டை ஒத்தது. அழிந்துபோன மரக்கட்டடங்களும் கீற்றுக் குடில்களும் எப்படி இருந்தன என்பதை இன்று நமக்குச் சொல்வது இந்தக் கற்கள்தான். காட்டில் விளைந்த வடிவத்தைக் குன்றில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ரதங்கள் நிற்கும் வரிசையிலும் நிலத்தின் கைவரிசை இருக்கிறது. திரௌபதி, அர்ச்சுனன், வீமன், தருமராசன் என்று வடக்கிலிருந்து தெற்கே போகிற இந்த நான்கும் ஒரே பாறைத்திட்டிலிருந்து வெட்டியவை. வடக்கில் தாழ்ந்து தெற்கில் உயர்ந்த அந்தத் திட்டின் போக்கிலேயே குடிசையில் தொடங்கிப் பல தள விமானத்தில் போய் முடிகின்றன. வேலை மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. உச்சியை முடித்துவிட்டு, நின்ற கல்லின்மேலேயே இருந்துகொண்டு அடுத்த தளத்துக்கு இறங்கியிருக்கிறார்கள். அதனால்தான் தருமராச ரதத்தின் உச்சி நகைவேலை போல நிறைவாகவும் அடிப்பகுதி முடிவுபெறாமலும் நிற்கின்றன. கட்டுகிறவர்கள் தரையிலிருந்து மேலே போவார்கள். பாறைக்குள் இருப்பதை வெளியே எடுக்கிறவர்கள் மேலிருந்து கீழே வருவார்கள்.

அந்த ஊரிலேயே கலை வேறொரு பதிலும் சொன்னது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயில், வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. மெலிந்து உயர்ந்த இரண்டு விமானங்கள். பெரியது கடலைப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். அந்தத் திருமேனி கொண்டுவந்து வைத்த சிலை அல்ல. அங்கேயே தரையில் கிடந்த பாறையில் செதுக்கியது. கற்களை அடுக்கிக் கட்டப் பழகிய பிறகும், இடத்தோடு பிறந்த கல்லை அகற்றாமல் அதைச் சுற்றியே கோயிலை எழுப்பியிருக்கிறார்கள். பாறையில் கிடப்பவர் பாறையோடு கிடக்கட்டும் என்று விட்ட அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

நிலம் ஒருமுறை பேசிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. கடற்கரைக் கோயிலின் சுவரில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். உப்புக்காற்று 1,300 ஆண்டுகளாக அந்தக் கல்லை அரித்துக்கொண்டே இருக்கிறது. காவல் நிற்கும் சிங்கங்களின் முகத்தில் கண்ணும் மூக்கும் மழுங்கி, சவைத்துத் துப்பிய வெல்லக்கட்டி போல ஆகிவிட்டன. கடலைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறையினர் காகிதக்கூழை ஈரமாகச் சுவரில் அப்பிக் காயவிட்டு, கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காய்ச்சல்காரரின் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்ற வேலை அது. எவ்வளவு பொறுமையான வேலை! கட்டியவர்களின் பொறுமைக்கு இன்றைய பொறுமை சொல்லும் பதில்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கரையில் மணல் இடம்பெயர்ந்தது. வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலுக்குள் மறைந்திருந்த பாறையில் கல்வெட்டு வெளித்தெரிந்தது. அந்தத் தடத்தைப் பற்றிக்கொண்டு தோண்டியபோது ஒரு முருகன் கோயில் கிடைத்தது. மேலே கருங்கல் கட்டுமானம், அதற்கடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன அலை அது. அதை அழகாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் மண்டகப்பட்டுக் கல்வெட்டு இல்லை என்று சொன்ன அந்தச் செங்கல், கடலோரத்தில் மணலுக்கடியில் தன் முறைக்காகக் காத்திருந்தது என்பது உண்மை. கட்டியதை மூடவும் மூடியதைத் திறக்கவும் கடலுக்கு உரிமை இருக்கிறது.

குன்றே இல்லாத நிலம் என்ன செய்யும்? தஞ்சைக்குப் போனால் விடை கிடைக்கும். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டை. தோண்டினால் கருங்கல் கிடைக்காது. அந்த மண்ணில் இராசராசன் வெளியிலிருந்து கல் கொண்டுவந்து 1010இல் முடித்த பெரிய கோயிலின் விமானம் 216 அடி. அதற்குத் தட்சிணமேரு என்று பெயர். மேடு இல்லாத சமவெளி ஒரு மலையைக் கேட்டது. மலையைக் கட்டிக் கொடுத்தார்கள். இருப்பதற்குப் பதில் சொல்வது ஒருவகை என்றால், இல்லாததற்குப் பதில் சொல்வது இன்னொரு வகை. பேருந்தில் வயல்களுக்கு நடுவே வரும்போது தொலைவில் அந்த உச்சி முதலில் எழுகிறதே, அந்தக் கணத்தில் அது கோயிலாகத் தெரிவதில்லை. மலையாகவே தெரிகிறது.

திருவாரூரில் இதே வண்டல் வேறு பதில் பெற்றது. கோயிலுக்கு எத்தனை வேலி நிலமோ கமலாலயக் குளத்துக்கும் அத்தனை வேலி என்று ஊரார் சொல்வார்கள். மேலே எழுப்பியதற்கு ஈடாகக் கீழே தோண்டியிருக்கிறார்கள். ஆறு பாயும் நாட்டில் தண்ணீருக்குக் கொடுக்கும் இடமும் தெய்வத்துக்குக் கொடுக்கும் இடமும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்ற கணக்கு அது.

அரசர்கள்தான் இப்படிக் கட்டினார்கள் என்றில்லை. ஆறு இல்லாத செட்டிநாட்டில், மழை ஒன்றையே நம்பிய வறண்ட சீமையில், வீடு மழைக்காகவே திறந்து கிடக்கிறது. நாலு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து முற்றத்தில் வந்து கூடும். என் உறவினர் வீடு ஒன்று காரைக்குடிப் பக்கம் இருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் வீட்டிலிருந்த ஆச்சி முதலில் செய்யும் வேலை, முற்றத்தின் நாலு மூலையிலும் அண்டாவை இழுத்து வைப்பது. முதல் தண்ணீர் ஓட்டுத் தூசியோடு வரும், அதை விட்டுவிடுவார். அதன் பிறகு அண்டாவில் விழும் ஓசை மாறிக்கொண்டே வரும். வெறும் பித்தளையின் அலறல் குறைந்து, நிறைந்த தண்ணீரின் தடித்த ஓசையாக ஆகும்போது, “அண்டா ரொம்பிருச்சு, எடுங்கப்பா” என்று உள்ளேயிருந்தபடியே குரல் கொடுப்பார். எட்டிப் பார்க்கத் தேவையில்லை, காதே போதும். மிஞ்சிய நீர் தெருவுக்குப் போய், தெருவின் சரிவில் ஊருணிக்குப் போகும். வீடு, தெரு, ஊருணி மூன்றையும் ஒரே மழையை மனத்தில் வைத்து அமைத்திருந்தார்கள். அந்த வீட்டின் முற்றம்தான் எனக்குக் கட்டடக்கலையின் முதல் பாடம்.

இதெல்லாம் பழங்காலத்தோடு முடிந்த கதை என்று சிலர் சொல்வார்கள். சிமெண்டும் இரும்பும் வந்தபின் நிலத்தைக் கேட்க என்ன இருக்கிறது என்பார்கள். அவர்களை நான் இலங்கைக்கு அழைத்துப்போக விரும்புவேன்.

ஜெப்ரி பாவா வழக்கறிஞராகத் தொடங்கி, 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். மதுரையிலும் அவர் வடிவமைத்த கட்டடங்கள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சிகிரியாவுக்கு அருகில் ஒரு பெரிய ஓட்டல் கட்ட அவரை அழைத்தார்கள். சிகிரியா என்பது காட்டுக்கு நடுவே ஏறத்தாழ 200 மீட்டர் எழுந்து நிற்கும் ஒற்றைப்பாறை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அதன் உச்சியில் அரண்மனை வைத்தான். நடுவில் உள்ள பாறைத்தட்டில் சிங்கம் ஒன்றை எழுப்பி அதன் வழியாகப் படி ஏற்றினான். இன்று மிஞ்சியவை இரண்டு பெரிய பாதங்கள் மட்டும். அவற்றின் நகங்களுக்கு நடுவே நடந்துதான் மேலே போகிறோம். அடிவாரத்து நீர்த்தோட்டங்களில் உள்ள ஊற்றுகள் நல்ல மழைக்காலத்தில் இன்றும் பீறிடுகின்றன.

அந்தப் பாறையின் காலடியில் ஓட்டல் வேண்டும் என்பதே முதல் விருப்பம். பாவா அந்த இடத்தை ஒப்பவில்லை. சில கல் தள்ளி, கண்டலம என்ற பழைய ஏரிக்கு மேலே உள்ள மலைச்சரிவைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் நீர்ப்பரப்புக்கு அப்பால், தொலைவில், சிகிரியா சிறிதாகத் தெரியும். பெரிய ஒன்றின் அருகில் போய் நிற்காமல், அதை நன்றாகப் பார்க்கக்கூடிய தூரத்தில் நிற்பது என்ற அந்த முடிவு ஒரு கோடு வரைவதற்கு முன்பே எடுத்தது. என் கணக்கில் அந்தக் கட்டடத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

ஓட்டலை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. பிக்குகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் ஏரிக்காகவும் காட்டுக்காகவும் குரல் கொடுத்தார்கள். அந்த அச்சம் நியாயமானது. அப்படிக் கேள்வி கேட்கிறவர்கள் இருக்கும் நாட்டில்தான் கவனமான கட்டடமும் வரும். 1994இல் திறந்த ஓட்டல் மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கிறது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் தன் போக்கில் போகட்டும் என்று தூண்களின்மேல் எழுந்து நிற்கிறது. உள்ளே நுழைந்தால் குகைக்குள் போவது போல இருக்கும். நடைவழியில் மலையின் பாறை அப்படியே உள்ளே வந்து சுவராக நிற்கிறது. முகப்பெங்கும் கொடி படர்ந்து, ஏரியின் எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் கட்டடம் எங்கே என்று தேடவேண்டும். குரங்குகள் மாடத்துக்கு மாடம் தாவுகின்றன. சிமெண்டும் இரும்பும்தான் அங்கேயும். கேட்கிற காது இருந்தது, அவ்வளவுதான்.

பெந்தொட்டைக்கு அருகே பாவா தனக்கென்று வாங்கிய ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை ஐம்பது ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டே இருந்தார். மரக்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டுத் தாழ வளைத்தார். ஒரு குன்றின்மேல், மரத்தடியில், ஒரு பெரிய சீனச் சாடியை வைத்தார். வீட்டுவாசலில் நின்றால் கண் முதலில் சாடியில் தங்கும், பிறகு குன்றைத் தாண்டும், அதற்கப்பால் தொலைவில் ஒரு தாதுகோபத்தின் வெண்மையில் போய்ச் சேரும். ஒரு சாடி முழு நிலத்தையும் ஒரு வரியில் கோத்துவிட்டது. அந்தத் தோட்டத்தின் பெயர் லுணுகங்க. சிங்களத்தில் உப்பாறு என்று பொருள். கங்க என்றால் நதி. அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு மாமல்லபுரத்துப் பிளவுதான் நினைவுக்கு வந்தது.

நம் ஊருக்குத் திரும்புகிறேன். சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. அந்தப் பெயர் வைத்தபோது அங்கே நின்று பார்க்க ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம், மாம்பலம் என்று நீண்டு கிடந்த அந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். ஆண்டில் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் ஊரில், வெயிலை உள்ளே விடுகிற கண்ணாடியைச் சுவராக வைத்து, உள்ளே வந்த சூட்டை வெளியேற்ற இரவும் பகலும் குளிர்சாதனத்தை ஓட்டுகிறோம். 2015 டிசம்பரில் தண்ணீர் வந்தது. புதிதாக எங்கும் போகவில்லை. தனக்குத் தெரிந்த பழைய இடங்களைத் தேடிக்கொண்டு வந்தது. பதில் கிடைக்காத நிலம் மறுபடி கேட்கும். அப்போது அதன் குரல் கடுமையாக இருக்கும்.

இனி யானைமலைக்கு வருகிறேன். 2010ஐ ஒட்டி, இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. கேட்பதற்கு நல்ல சொல்தான். மாமல்லபுரம் போல மதுரைக்கும் ஒன்று என்று சிலர் மகிழவும் செய்தார்கள். நரசிங்கம், ஒத்தக்கடை, சுற்றுப்பட்டு ஊர்களின் மக்கள் ஒப்பவில்லை. ஆடு மேய்க்கிறவர்களும் வயல்வேலைக்குப் போகிறவர்களும் கடை வைத்திருக்கிறவர்களும் சேர்ந்து நின்றார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் எளியது: இந்த மலையே எங்களுக்குச் சிலை, இதில் இனி என்ன செதுக்கப் போகிறீர்கள்? திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை தொடங்கியது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மக்களைக் கூட்டமாக நடத்திச் சென்று, அவற்றில் என்ன இருக்கிறது என்று காட்டுகிறது.

மாமல்லபுரத்தைக் கொண்டாடுகிற நான் அந்த மக்களின் பக்கம் நிற்பதில் முரண் ஏதும் இல்லை. விரிசலில் நதியைக் கண்ட சிற்பியும், மலையில் யானையைக் கண்டு உளி வேண்டாம் என்ற ஊராரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். இருவரும் பாறையை முதலில் பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் பேசினார்கள். கலையில் கை வைப்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ அவ்வளவு அறிவு கை வைக்காமல் இருப்பதற்கும் வேண்டும்.

முன்னோர்கள் யானைமலையைத் தொடாமலும் இல்லை. சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளத்தில் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து இருக்கிறது. இயற்கையாகவே பாறை முன்னால் நீண்டு நிழல் கொடுக்கிற இடமாகப் பார்த்துத் தீர்த்தங்கரர்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடிவாரத்தில் பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் மறைந்தபின் அவருடைய தம்பி மாறன் எயினன் முடித்த நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. அதன் காலம் 770. இத்தனைக்குப் பிறகும் மலை யானையாகவே இருக்கிறது. எந்த உளியும் அதன் முதுகில் ஏறவில்லை.

மதுரைப் பக்கம் வந்தால் மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையில் இறங்கி, நரசிங்கத்துக்கு நடந்து போங்கள். கோயிலைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். குடைவரை எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தேடி, அந்த இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். ஒரு பக்கம் உளி நிரவிய வழவழப்பு, மறுபக்கம் மழை நிரவிய சொரசொரப்பு. உளி நின்ற அந்தக் கோட்டில், செதுக்கியவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பது கைக்குத் தெரியும்.